வாசகர் கேள்வி – பதில்: கொரியாவில் நனிசைவர் என்ன சாப்பிடலாம்?

தென் கொரியாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் செல்வோருக்கான குறிப்புகளைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதில் உணவைப் பற்றி இரண்டே வரிகள்தாம் இருந்தன. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, பால் பொருள்களையும் விலக்கிய வாசகர்கள் எழுதியவை. தென் கொரியத் தலைநகர் சோலில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, அந்நாட்டு மரபுச் சமையலை நனிசைவராகவே உண்டு பழகியவன் என்ற முறையில், இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன். வீகன் என்று இன்று பலரும் சொல்லும் உணவுமுறையை நனிசைவம் என்று எழுதுகிறேன். இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவது அது.

கேள்வி: ஆறு மாதப் பயிற்சிக்காக உல்சான் நகருக்குச் செல்கிறேன். எட்டு ஆண்டுகளாக நனிசைவன். முன்பே போய் வந்த நண்பர்கள், “காய்கறிச் சாப்பாடு என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அதை நம்பிச் சாப்பிடாதே” என்கிறார்கள். ஏன் அப்படி? — ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

உங்கள் நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அங்கே யாரும் உங்களை ஏமாற்றுவதில்லை. கொரியச் சமையலில் அசைவம் கண்ணுக்குத் தெரியும் துண்டாகத் தட்டில் கிடப்பதைவிட, கண்ணுக்குத் தெரியாமல் கொதிநீரிலும் உப்பிலும் கரைந்திருப்பதே அதிகம். நம் வீடுகளில் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ, அப்படியே அங்குள்ள வீடுகளில் குழம்புக்கும் நூடுல்ஸுக்கும் காய்ந்த நெத்திலி வேகவைத்த நீர். நெத்திலியை அவர்கள் மியோல்ச்சி என்பார்கள். அதனுடன் தாசிமா என்னும் தடித்த கடற்பாசியையும் போட்டுக் கொதிக்கவைத்து, இரண்டையும் எடுத்து எறிந்துவிட்டு, அந்த நீரில் சமைப்பார்கள். பரிமாறும்போது கிண்ணத்தில் பூசணியும் தோஃபுவும் மட்டுமே இருக்கும். சமைத்தவருக்கும் அது காய்கறிக் குழம்பாகவே தோன்றும்.

இரண்டாவது இடம் கிம்சி. முட்டைக்கோஸும் முள்ளங்கியும் மிளகாய்த்தூளும்தான் என்று நாம் நினைக்கும் அந்த ஊறுகாயில் பெரும்பாலும் உப்பில் ஊறிய சிறு இறால் அல்லது நெத்திலிச் சாறு சேர்ந்திருக்கும். இத்தகைய உப்பிட்டு நொதித்த கடல் உணவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஜொட்கால். இந்தச் சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கங்களில் பல முறை வரும். தென்மேற்கில் உள்ள ஜொல்லா பகுதியின் கிம்சியில் ஜொட்கால் தூக்கலாக இருக்கும். வடக்கே போகப் போகக் குறையும். ஆனால் இல்லாமல் போவது அரிது.

மூன்றாவது, மொழி. இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘கொகி’. நம் ஊரில் “கறி போடவில்லை, மீன்தான்” என்று சொன்னால் அதில் முரண் எதுவும் யாருக்கும் தெரிவதில்லை அல்லவா? கொகி என்ற சொல்லும் அத்தகையதே. “கொகி இல்லாமல் கொடுங்கள்” என்று கேட்டால் மாடும் பன்றியும் போகும். நெத்திலியும் இறாலும் சிப்பியும் அப்படியே இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்களுக்கு உண்மையிலேயே சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பாலும் நெய்யும் தயிரும் கொரிய மரபுச் சமையலில் அநேகமாக இல்லை. அரண்மனையில் தாராக்ஜுக் என்ற பெயரில் பால் சேர்த்த கஞ்சி இருந்தது. அது மன்னர் வீட்டு உணவு. ஊர் மக்களின் சமையல் எண்ணெய் எள்ளிலிருந்தும் பெரில்லா என்னும் கீரைச்செடியின் விதையிலிருந்தும் வந்தது. நம் நாட்டில் நனிசைவர் ஒவ்வொரு உணவகத்திலும் ‘நெய் ஊற்றாதீர்கள்’ என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போகிறோம். அங்கே அந்தக் கவலை இல்லை. சமையலின் அடித்தளமான டோயென்ஜாங் என்னும் சோயா விழுதும் கன்ஜாங் என்னும் சோயாச் சாறும் பயறும் உப்பும் நொதித்து உருவானவை. கொச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதில் இவற்றோடு அரிசியும் சேரும். இவற்றைத் தயாரிக்கும் மரபை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே சுவையின் வேர் முழுவதும் தாவரமே. நெத்திலி அதன் மேல் வந்து சேர்ந்தது; விலக்கினால் சமையல் சரிந்துவிடாது.

கேள்வி: முட்டையும் இறைச்சியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பிபிம்பாப் வாங்கினால் போதும் என்று பல காணொளிகளில் சொல்கிறார்கள். இது சரிதானா? — கோயம்புத்தூர் வாசகி

பல இடங்களில் சரி. எல்லா இடத்திலும் அல்ல. பிபிம்பாப் என்றால் கலந்து உண்ணும் சோறு. சோற்றின் மேல் வதக்கிய கீரை, முளைகட்டிய சோயா, கேரட், காளான், பெரணிக் குருத்து ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து, மிளகாய் விழுதும் நல்லெண்ணெயும் சேர்த்துத் தருவார்கள். முட்டையையும் இறைச்சியையும் கடைசியில் மேலே வைப்பதால் நீக்குவதும் எளிது. சமைத்து முடித்த குழம்பிலிருந்து எதையும் நீக்க முடியாது. இதிலிருந்து நீக்க முடியும். காணொளிகள் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவே.

ஆனால் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். இந்த உணவுக்குப் பெயர்பெற்ற ஜொன்ஜு நகரின் பழைய செய்முறையில் சோற்றையே மாட்டெலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள். அந்த ஊருக்குச் சுற்றுலா போகும் நனிசைவர் பலர் இதை அறியாமல், மேலே வைத்த பச்சை இறைச்சியை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அடுத்து, சில உணவகங்கள் கொச்சுஜாங்கைக் கொத்திய மாட்டிறைச்சியோடு வதக்கி வைத்திருக்கும். யாக்கொச்சுஜாங் என்பது அதன் பெயர். கரண்டியால் எடுத்துப் பார்த்தாலே துகள்கள் தெரியும். சந்தேகமாக இருந்தால் சோயாச் சாறு கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள், சுவை குறையாது. கடைசியாக, பிபிம்பாப்போடு தானாகவே வந்து சேரும் சிறு கிண்ணச் சாற்றைத் தொடாதீர்கள். அது அநேகமாக நெத்திலி நீர்தான்.

என் விருப்பத்தைக் கேட்டால், நகர உணவகத்துப் பிபிம்பாப்பைவிட மலையடிவாரங்களில் கிடைக்கும் சான்சே பிபிம்பாப்பையே சொல்வேன். சான்சே என்றால் மலைக்கீரை. சொங்னிசான், ஜிரிசான், ஓதேசான் போன்ற மலைகளில் பெருங்கோயில்களுக்குப் போகும் வழியெங்கும் இதைத் தரும் சிறு உணவகங்கள் வரிசையாக இருக்கும். அங்கே கீரைதான் உணவின் நாயகம். இறைச்சி பேச்சிலேயே வராது. முட்டை ஒன்றை மட்டும் விலக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: கொரியப் பௌத்தக் கோயில் உணவு முழுக்க நனிசைவம் என்கிறார்களே, அது உண்மையா? வெங்காயம், பூண்டும் கிடையாதாமே? கோயிலில் தங்காமல் வெளியே அதைச் சாப்பிட இயலுமா? — திருச்சிராப்பள்ளி வாசகர்

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். கொரியாவில் நனிசைவருக்கு இருக்கும் மிகப் பெரிய செல்வம் இதுதான்.

பௌத்தம் கொரியத் தீபகற்பத்துக்கு வந்தது கி.பி. 372-இல். பிற்காலத்தில் ஜொசொன் அரச மரபு கன்பூசியக் கொள்கையைக் கைக்கொண்டு பௌத்தத்தை ஒதுக்கியபோது, நகரங்களில் இடமிழந்த துறவிகள் மலைக்கோயில்களையே சார்ந்து வாழ வேண்டியதாயிற்று. மலையில் கிடைத்த குருத்தும் வேரும் காளானும், கோயிலில் ஊறவைத்த சோயா விழுதும் சேர்ந்து ஒரு தனிச் சமையலை வளர்த்தன. அதைச் சாச்சால் உம்சிக் என்கிறார்கள். கோயில் உணவு என்பதே நேர்ப் பொருள். 2025-இல் தென் கொரிய அரசு இதைத் தேசிய பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

இதில் இறைச்சி, மீன், முட்டை கிடையாது. நெத்திலி நீருக்குப் பதிலாகக் காய்ந்த ஷிட்டாக்கே காளானும் கடற்பாசியும் முள்ளங்கியும் வேகவைத்த நீரைப் பயன்படுத்துவார்கள். கிம்சியில் ஜொட்கால் இராது. சோயாச் சாறும் இஞ்சியும் பேரிக்காயும் அதன் இடத்தை நிரப்பும். பால் கோட்பாட்டளவில் விலக்கப்பட்டதல்ல என்றாலும் நடைமுறையில் அரிது. தேன் சில இனிப்புகளில் இருக்கலாம். தேனை விலக்குபவர்கள் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓஷின்சே எனப்படும் ஐந்து காரப் பொருள்கள் விலக்கப்பட்டவை. பூண்டு, வெங்காயத்தாள், நம் ஊரில் பூண்டுத்தழை போல் மணக்கும் பூச்சு என்னும் கீரை, தல்லே என்னும் காட்டுப் பூண்டு ஆகிய நான்கோடு ஐந்தாவதாக அவர்கள் சொல்லும் ஹுங்கோ என்பது என்ன தெரியுமா? நம் பெருங்காயமேதான். கொரிய மண்ணில் விளையாத, பெரும்பாலான கொரியர்கள் கண்ணாலும் கண்டிராத அந்தப் பொருள், பழைய பௌத்த விதிகளின் வழியே இந்தியாவிலிருந்து சொல்லாக மட்டும் பயணம் செய்து அந்தப் பட்டியலில் அமர்ந்திருக்கிறது. நம்மிடையே பூண்டு, வெங்காயத்தை விலக்குவோர் அவற்றுக்கு மாற்றாகப் பெருங்காயத்தைத்தான் நாடுகிறார்கள். அவர்களோ மூன்றையும் ஒருசேர விலக்கினார்கள். இதை முதன்முதலாக ஒரு துறவியின் வாயால் கேட்டபோது நான் வியந்து போனேன்.

இனி, எங்கே சாப்பிடுவது? சோலின் நடுவில் இன்சாதோங் பகுதியில் ஜொக்யேசா என்ற பெரிய கோயில் இருக்கிறது. அதன் எதிரே உள்ள கட்டடத்தில், ஜொக்யே பௌத்த அமைப்பே நடத்தும் ‘பாரு கொங்யாங்’ என்ற உணவகம் இருக்கிறது. உணவகங்களுக்கு நட்சத்திரத் தரம் தரும் மிஷெலின் வழிகாட்டி சோல் நகருக்காக முதன்முதலாக வெளிவந்தபோது, 2017 பதிப்பில், ஒரு நட்சத்திரம் பெற்ற இடம் இது. பல சுற்றுகளாகப் பரிமாறுவதால் விலை அதிகம். முன்பதிவு செய்வது நல்லது. தினமும் போகும் இடமன்று. ஆனால் கொரியாவில் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு முறை அங்கே உண்ணுங்கள். நெத்திலி இல்லாத கொரியச் சுவை எப்படி இருக்கும் என்பதை நாக்கு ஒருமுறை தெரிந்துகொண்டால், பிறகு வெளியில் சாப்பிடும்போது குழம்பில் எது இருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு உணர்ந்துவிடுவீர்கள். எனக்கு அப்படித்தான் வாய்த்தது.

சோலின் வடமேற்கில், புக்கான்சான் மலையடிவாரத்தில் உள்ள ஜின்க்வான்சா கோயில் இந்த உணவு மரபுக்குப் பேர்போனது. தெற்கே பேக்யாங்சா கோயிலைச் சேர்ந்த துறவகத்தில் வாழும் ஜொங் க்வான் என்ற பெண்துறவி, உணவகம் எதையும் நடத்தாமலேயே உலகின் பெரிய சமையற்கலைஞர்களைத் தன்னிடம் வரவழைத்தவர். 2022-இல் ஆசியாவின் சிறந்த உணவகங்களுக்கான விருது விழா அவரைச் சிறப்பித்தது. கோயிலில் தங்கும் திட்டம் 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டித் தொடங்கி, இன்று நாடெங்கும் நடக்கிறது. ஓர் இரவு தங்கினால் மாலை உணவும் காலை உணவும் கிடைக்கும். அங்கே ஒரு பருக்கையையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘கோயில் உணவு பாணி’ என்று எழுதி வைத்திருக்கும் எல்லா உணவகமும் கோயிலோடு தொடர்புடையதல்ல. அழகான மரத்தட்டும் தாமரை இலையில் பொதிந்த சோறும் இருந்தாலும் பக்கத்தில் ஜொட்கால் கிம்சியை வைப்பவர்கள் உண்டு. கேட்டுவிட்டு உண்ணுங்கள்.

கேள்வி: கோயில் உணவுக்குத் தினமும் செலவழிக்க இயலாது. சாதாரணக் கடைகளில், சந்தைகளில் என்ன கேட்கலாம்? — சென்னை, ஆராய்ச்சி மாணவி

உணவிலிருந்து எதையாவது நீக்கச் சொல்வதைவிட, நீக்க வேண்டிய தேவையே இல்லாத உணவைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதே நான்கு ஆண்டுகளில் நான் கற்றது. சமையற்காரர் அடுப்படியில் பரபரப்பாக இருக்கும் மதிய நேரத்தில் நீங்கள் சொல்லும் ஐந்து விலக்குகளில் ஒன்று மறந்துபோகும். அது அவர் குற்றமும் அன்று.

கோடையில் போகிறீர்கள் என்றால் கொங்குக்சு உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஊறவைத்து வேகவைத்த சோயாவை அரைத்து எடுத்த கெட்டியான பாலைக் குளிரவைத்து, அதில் கோதுமை நூடுல்ஸைப் போட்டு, வெள்ளரிக்காய்த் துருவலைத் தூவித் தருவார்கள். சோயாப்பாலே சாறு என்பதால் நெத்திலிக்கு அங்கே இடமே இல்லை. மேலே பாதி முட்டை வைக்கும் வழக்கம் சில கடைகளில் உண்டு. அதை மட்டும் வேண்டாம் எனலாம். சோலில் உப்புப் போட்டு உண்பார்கள். ஜொல்லா பகுதியில் சர்க்கரை போடுவார்கள். நான் உப்பின் பக்கம்.

குளிர்காலத்தில் பாட்ஜுக் என்னும் செம்பயறுக் கஞ்சி. ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளில் இதை உண்பது மரபு; அரிசி மாவு உருண்டைகள் மிதக்கும். இதே பயற்றுச் சாற்றில் கையால் வெட்டிய நூடுல்ஸைப் போட்டால் பாட்கல்குக்சு. ஜொல்லா பகுதியில் இது அன்றாட உணவு. சாதாரணக் கல்குக்சுவோ பெரும்பாலும் நெத்திலி நீரில் அல்லது சிப்பிச் சாற்றில் வருவது. பெயரில் உள்ள அந்த ஓரெழுத்துப் ‘பாட்’ என்பதைக் கவனமாகப் பாருங்கள். பூசணிக் கஞ்சியான ஹோபாக்ஜுக் கஞ்சிக் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

கிழக்கில் உள்ள காங்வொன் மாநிலம் மலைநாடு. நெல் அதிகம் விளையாத அந்த மண்ணில் உருளைக்கிழங்கும் பக்வீட் தானியமுமே வயிற்றை நிரப்பின. அந்த வறுமை விட்டுச்சென்ற உணவுகள் இன்று நமக்குப் பெரும் கொடையாக இருக்கின்றன. உருளைக்கிழங்கை அரைத்து அடைபோல் சுட்ட கம்ஜாஜொன். சீன முட்டைக்கோஸ் இலையை மெல்லிய பக்வீட் மாவில் தோய்த்துச் சுட்ட மெமில்ஜொன். கொன்டுரே என்னும் காட்டுக்கீரையோடு சேர்த்துச் சமைத்த சோறு. கொன்டுரே சோற்றில் பெரில்லா எண்ணெயின் மணம் தூக்கலாக இருக்கும். சோயாச் சாறு ஊற்றிக் கலந்து உண்ண வேண்டும். ஜொங்சொன் ஊரில் முதல் கவளம் வாயில் வைத்தபோது எனக்கு ஏனோ வீட்டு முருங்கைக்கீரைச் சோறு நினைவுக்கு வந்தது.

அதே மாநிலத்தின் கடற்கரை நகரான காங்நுங்கில் சோதாங் என்ற தோஃபுக் கிராமம் உண்டு. கடல்நீரைக் கொண்டு சோயாப்பாலைத் திரியச்செய்வது அவ்வூர் வழக்கம். இளந்தோஃபுவை வெள்ளையாக, எதுவும் சேர்க்காமல் சூடாகத் தருவார்கள். மேலே சோயாச் சாறு. அதையே ‘வெள்ளை’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். சிவப்பாகக் கொதித்துக்கொண்டு வரும் சுன்டுபு ஜிகே என்னும் தோஃபுக் குழம்பு வேறு; அதில் சிப்பியும் முட்டையும் நெத்திலி நீரும் இருக்கும்.

சந்தைகளில் பாசிப்பயற்றை அரைத்துச் சுடும் பிண்டேத்தொக்கைப் பார்த்ததும் நம் அடை நினைவுக்கு வந்து மனம் தாவும். சோலின் க்வாங்ஜாங் சந்தையில் அதன் வாசனையைக் கடந்து செல்வது கடினம். ஆனால் மாவிலேயே பன்றி இறைச்சி கலந்திருக்கலாம். கலக்காததும் அதே கல்லில்தான் சுடப்படும். இதை நான் தவிர்த்தேன். உங்கள் எல்லையை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஓக் மரக் கொட்டையிலிருந்து செய்யும் தொதொரிமுக் என்னும் கூழ்க்கட்டி, கீரையும் சோயாச் சாறும் சேர்த்துக் கலவையாக வரும்போது நமக்கு ஏற்றது. குளிர்ந்த சாற்றில் மிதந்து வந்தால் அந்தச் சாற்றைப் பற்றிக் கேளுங்கள். அரிசி மாவுத் துண்டுகளை மிளகாய் விழுதில் வேகவைத்த தொக்பொக்கியில் மீன் விழுதுத் துண்டுகளும் நெத்திலி நீரும் உண்டு; தெருக்கடையில் அதை மாற்றச் சொல்ல வழியில்லை.

கேள்வி: மொழி தெரியாமல் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? — யாழ்ப்பாணம் வாசகி

நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். போன புதிதில் ஒரு சிறு தோஃபு உணவகத்தில், மனப்பாடம் செய்திருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: “கொகி பேகோ ஜுசேயோ”, அதாவது இறைச்சியை நீக்கித் தாருங்கள். முதியவரான கடைக்கார அம்மா மிக அன்போடு தலையசைத்து, இறைச்சி இல்லாத குழம்பைக் கொண்டுவந்து வைத்தார். பாதி உண்ட பிறகு அடியில் சிப்பி ஓடுகள் கரண்டியில் தட்டுப்பட்டன. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர் தந்தார். அன்றிரவே கொரிய நண்பர் ஒருவரிடம் உட்கார்ந்து சரியான வாக்கியங்களை எழுதி வாங்கினேன்.

“மியோல்ச்சி யுக்சுயேயோ?” என்றால், இது நெத்திலி நீரா? “ஜொட்கால் துரொகாயோ?” என்றால், இதில் ஜொட்கால் சேர்கிறதா? இந்த இரண்டும் முதன்மையானவை. அடுத்ததாக, “கொகி, செங்சொன், ஹேமுல், கேரான், உயு அன் மொகொயோ”: இறைச்சி, மீன், கடல் உணவு, முட்டை, பால் உண்பதில்லை. இவற்றை ஒரு கொரியரிடம் கொரிய எழுத்தில் எழுதி வாங்கி, கைப்பேசியிலும் ஒரு சிறு அட்டையிலும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்புத் தவறினாலும் எழுத்து தவறாது. ச்சேசு என்பது காய்கறி வேகவைத்த நீருக்கான சொல். அறிவிப்புப் பலகையில் அதைக் கண்டால் துணிந்து உள்ளே போகலாம். ச்சேசிக் என்றால் சைவம். ஆனால் அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வதால், இளைஞர் நடத்தும் கடைகளில் ‘பிகொன்’ என்ற சொல்லே, அதாவது வீகன் என்பதன் கொரிய வடிவமே, தெளிவாக விளங்கும்.

கேட்கும் நேரமும் முக்கியம். பகல் பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் நிரம்பி வழியும்போது யாராலும் நின்று பதில் சொல்ல இயலாது. இரண்டு மணிக்குமேல் போனால், சில கடைகள் மூடியிருந்தாலும், திறந்திருக்கும் கடையில் உங்களோடு பேச ஆள் இருப்பார்கள். இன்னொன்று: உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் துணைக்கறிக் கிண்ணங்களில் உங்களுக்கு ஆகாதவற்றை வைக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேசையில் வைத்த உணவு தொடாமலே குப்பைக்குப் போவது அவர்களுக்கும் வருத்தம், நமக்கும் வருத்தம். நீங்கள் உண்ணக்கூடிய முளைப்பயறும் கீரையும் மறுபடி கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே நிரப்பித் தருவார்கள்.

கேள்வி: அலுவலக விருந்து என்று இறைச்சி சுடும் கடைக்கே அழைத்துச் செல்கிறார்களாம். மறுத்தால் மரியாதைக் குறைவாகுமா? — ஒசூர் வாசகர்

போகாமல் இருப்பதுதான் அங்கே குறையாகத் தோன்றும். போய் உண்ணாமல் இருப்பது அல்ல. ஹொயிசிக் எனப்படும் அந்த விருந்துகள் வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்படுகின்றன. முந்தைய நாளே குழுவில் மூத்தவரிடம் உங்கள் உணவு முறையைச் சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்தில் சொல்வதுதான் அவர்களைச் சங்கடப்படுத்தும். முன்பே தெரிந்தால் ஏற்றாற்போல் கடையைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

அத்தகைய கடையில் உங்களுக்கு வெறும் சோறு, கீரை இலைகள், சம்ஜாங் என்னும் விழுது, பச்சை மிளகாய் ஆகியவை கிடைக்கும். இலையில் சோறும் விழுதும் வைத்து மடித்து உண்பது அவர்களும் விரும்பும் முறைதான். காளானைச் சுட்டுத் தருகிறேன் என்பார்கள். அதே கம்பியில் கொழுப்பு வடிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இறுதியில் வரும் குளிர்ந்த நெங்மியொன் நூடுல்ஸ் காய்கறி உணவுபோல் தெரியும். அதன் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியிலிருந்து வருவது, வேண்டாம். புறப்படும் முன் அறையிலேயே சிறிது உண்டுவிட்டுச் செல்வது என் வழக்கமாக இருந்தது.

கேள்வி: இனிப்பு, பானம், கடைப் பொட்டலங்கள் பற்றியும் சொல்லுங்கள். — மதுரை வாசகி

அரிசி மாவில் செய்யும் தொக் வகைகளில் பெரும்பாலானவை நமக்கு ஏற்றவை. வறுத்த சோயா மாவில் புரட்டிய இன்ஜொல்மி எனக்கு மிகப் பிடித்தது. யாக்வா என்னும் பொரித்த இனிப்பில் மரபுப்படி தேன் உண்டு. ஷிக்யே என்பது மால்ட்டில் ஊறிய சோற்றுப் பானம், சுஜொங்வா என்பது இஞ்சியும் பட்டையும் கொதித்த பானம். இரண்டிலும் பால் இல்லை. மீன் வடிவில் சுடும் பூங்கொப்பாங்கில் மீன் கிடையாது, ஆனால் மாவில் பாலோ முட்டையோ இருக்கும்.

பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனிக் கட்டத்தில் அச்சிட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். முட்டை, பால், இறால், நண்டு, கானாங்கெளுத்தி, மாடு, பன்றி, கோழி ஆகியவை அதில் இடம்பெறும். கட்டத்தைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் நெத்திலி அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை. எனவே கட்டம் சுத்தமாக இருந்தாலும் முழுப் பொருள் பட்டியலையும் கைப்பேசி மொழிபெயர்ப்பில் ஒரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதமாகச் சோலில் படிக்கிறேன். நெத்திலி நீர் என்று தெரிந்தும் பசியால் மூன்று முறை உண்டுவிட்டேன். மனம் உறுத்துகிறது. — பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

தம்பி, பசியோடு ஒரு புது ஊரில் தனியாக இருப்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். உங்களைக் குற்றவாளியாக நினைக்க வேண்டாம். ஆனால் அந்த உறுத்தலையும் நான் மதிக்கிறேன். “நீர்தானே, துண்டு இல்லையே” என்று உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். நெத்திலி ஒன்றல்ல, ஒரு பானைக்கு ஒரு கைப்பிடி வெந்திருக்கிறது என்பதை உணர்வதால்தான் உங்கள் மனம் வலிக்கிறது.

பசி முற்றியபின் கடை தேடினால் கிடைத்ததைத்தான் உண்ண நேரும். ஆகவே வாரத்தின் முதல் நாளே உங்கள் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நான்கு கடைகளைக் கண்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கஞ்சிக் கடை, ஒன்று முட்டையில்லாப் பிபிம்பாப் தருவது, ஒன்று கோடையில் கொங்குக்சுவும் மற்ற நாள்களில் பாட்கல்குக்சுவும் தருவது, நான்காவது, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப் கடை. கிம்பாப் கடையில் உருட்டும் முன்பே ஹாம், முட்டை, நண்டுக்குச்சி, மீன் விழுது நான்கையும் விடச் சொன்னால் கீரையும் கேரட்டும் ஊறிய முள்ளங்கியும் வைத்து உங்கள் கண்முன்னே உருட்டித் தருவார்கள். பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த கடற்பாசித் தாளும், குளிர்காலமானால் பல்பொருள் கடைகளில் சூடாக விற்கும் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இருக்கட்டும்.

கிம்சிக்கு ஏங்குகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஜொட்கால் சேராத கிம்சி இப்போது பெரிய அங்காடிகளிலும் கிடைக்கிறது. பொட்டலத்தில் பிகொன் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு சிறு பொட்டலம் வாங்கி விடுதியின் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால், வெறும் சோறும் தோஃபுவும் உள்ள நாளிலும் சாப்பாடு நிறைவாக இருக்கும்.